அந்த ஆறாயிரம் டாலர் மெயில் பத்தி

அடியே,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, நீ மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருப்பேன்னு தெரியும். இங்க நியூ ஜெர்சி எடிசன்ல ரெண்டு வாரமா பனிதான், எங்க வீட்டுக்காரரு க்ளையன்ட் வேலைன்னு சிகாகோல போய் உக்காந்துட்டாரு, டிரைவ்வேல பனி தள்ளித் தள்ளி என் இடுப்பு கழண்டு போச்சு. மதுரைல அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வாக்கர் புடிச்சு நடக்குறாங்க, போன் பண்ணா வலிக்குதான்னு நான் கேக்குறதுக்கு முன்னாடி நீ சாப்டியான்னு அவங்க கேக்குறாங்க, அவ்ளோதான் பேச்சு.

சரி, உன் பொண்ணுக்கு வந்த அந்த மெயில். சம்மர் லீவுல பெரிய யுனிவர்சிட்டி கேம்பஸ்ல ரெண்டு வார ப்ரோக்ராம், ஏஐ, ஸ்டார்ட்டப், லீடர்ஷிப், 6 ஆயிரம் டாலர், ஃப்ளைட் தனி. உங்க மகளோட திறமையப் பாத்து நாமினேட் பண்ணிருக்கோம்னு எழுதிருக்கான்னு பூரிச்சுப் போய் ஃபார்வேர்ட் பண்ணிருந்த பாரு, அதப் படிச்சதும் எனக்கு சிரிப்பும் வந்துச்சு வயித்தெரிச்சலும் வந்துச்சு, ஏன்னா கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு லெட்டர, தங்க கலர் பார்டர் போட்டது, மூணு வருஷம் முன்னாடி நான் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்தேன். யாருடி நாமினேட் பண்ணா? அவ டீச்சர்கிட்ட கேட்டியா? புள்ளைங்க ஏதோ ஒரு சர்வேலயோ பரீட்சை ஃபார்ம்லயோ காலேஜ் தகவல் அனுப்பலாம்னு ஒரு டிக் போட்டுட்டு வந்துடும்ங்க, அப்பறம் இந்த மாதிரி நாமினேஷன் மழையாக் கொட்டும்.

என் பெரியவன் கதைய உன்கிட்ட நான் முழுசா சொன்னதே இல்ல, வெக்கம்தான். பத்தாவது முடிச்ச சம்மர், மெடிசின் ப்ரோக்ராம், 5,800 டாலர், அதுல 500 டெபாசிட், திரும்பி வராது. யுனிவர்சிட்டிதான் நடத்துதுன்னு நெனச்சு நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன். கொண்டு போய் விட்ட அன்னிக்குதான் பாத்தேன், டிஷர்ட்ல, ஐடி கார்டுல, பேனர்ல எல்லாம் ஏதோ ஒரு கம்பெனி பேரு. சம்மர்ல டார்ம் காலியா கெடக்கும், க்ளாஸ்ரூமும் காலியா கெடக்கும், கம்பெனிக்காரன் வாடகைக்கு எடுத்துக்கறான், நம்ம ஊர்ல ஸ்கூல் கிரவுண்ட பொருட்காட்சிக்கு விடுவாங்கல்ல அந்த மாதிரி. புரொஃபசர் யாரும் வரல, பாடம் எடுத்தது மெடிக்கல் ஸ்கூல்ல மொத வருஷம் படிக்கிற பசங்க. வாழைப்பழத் தோல்ல தையல் போட கத்துக் குடுத்தாங்க, ஒரு நாள் ஆஸ்பத்திரி சுத்திக் காமிக்கிறேன்னு கூட்டிட்டுப் போய் வரவேற்பு ஹால்ல நின்னு பேசிட்டு கூட்டிட்டு வந்துட்டாங்க. 

திரும்பி வந்து மொத வார்த்தையே, "அம்மா எனக்கு டாக்டர் வேணாம்." அவரு ஒரு வாரம் என்கிட்ட பேசல.

ஆனா முழுசா வேஸ்ட்டுன்னும் சொல்ல மாட்டேன். அவன் மொத தடவயா தன் துணிய தானே தொவச்சான், வெள்ளை பனியன் எல்லாம் ரோஸ் கலர்ல வந்துச்சு. ஒஹையோ பையன் ஒருத்தன் ரூம்மேட், இப்பவும் ரெண்டும் விடிய விடிய பேசுதுங்க. டாக்டர் வேணாம்ங்கறது பதினாறு வயசுலயே தெரிஞ்சதும் ஒரு வகைல லாபம்தான, இப்ப ரட்கர்ஸ்ல சிவில் படிக்கிறான், சந்தோஷமா இருக்கான். (ரூம்மேட், துணி தொவைக்கிறது, வீட்ட விட்டு அழறது, இதெல்லாம் நாம நம்ம ஹாஸ்டல்ல மெஸ் பில் மட்டும் கட்டி கத்துக்கிட்டோம்னு வையி.)

காலேஜ் அட்மிஷனுக்கு உதவுமான்னுதான நீ கேட்ட. காமன் ஆப்ல, அதான் நெறைய காலேஜுக்கும் சேத்து போடுற ஒரே அப்ளிகேஷன்ல, ஆக்டிவிட்டி போட பத்து எடம், ஒவ்வொண்ணுக்கும் விவரம் எழுத 150 எழுத்துதான். 6 ஆயிரத்த 150-ஆல வகுத்துப் பாரு, எழுத்துக்கு 40 டாலர், அதுல கமாவும் ஸ்பேஸும் சேத்தி. பெரியவன் அந்த ப்ரோக்ராம கடைசிலதான் போட்டான், மொதல்ல போட்டது நம்ம லைப்ரரில வாரா வாரம் சின்னப் புள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுத்தத. அப்ளிகேஷன் படிக்கிறவங்களுக்கு காசு கட்டிப் போறது எது செலக்ட் ஆகிப் போறது எதுன்னு நல்லாவே தெரியும்டி, அவங்க பாக்காத லிஸ்ட்டா.

நம்ம ஆளுங்களுக்கு காசு கூடக் கூட மரியாத கூடும்னு ஒரு நெனப்பு, இந்த விஷயத்துல அது அப்படியே தலகீழு. பேரு பெருசா உள்ளதுல பாதி ஃப்ரீ. எம்ஐடில நடக்குற ஆர்எஸ்ஐ, ஸ்கூல் புள்ளைங்களுக்கான ஆராய்ச்சி ப்ரோக்ராம், 1984லேர்ந்து நடக்குது, ஆறு வாரம், படிப்பு தங்கல் சாப்பாடு எதுக்கும் காசு இல்ல, உலகம் பூரா சேத்தே நூறு பேர் கிட்டதான் எடுப்பாங்க. டெல்லுரைட் அசோசியேஷன் நடத்துற செமினாரும் அப்படித்தான், காசு கெடையாது, ஆனா பக்கம் பக்கமா கட்டுரை எழுதணும். உங்க டெக்ஸஸ்லயே லபக்ல டெக்ஸஸ் டெக் யுனிவர்சிட்டி க்ளார்க் ஸ்காலர்ஸ்னு ஒண்ணு வச்சிருக்கு, ஏழு வாரம், பன்னெண்டே பேரு, தங்கலும் சாப்பாடும் அவங்களே பாத்துக்கறாங்க, ஆனா 17 வயசு ஆகிருக்கணும், அதனால இவளுக்கு இந்த வருஷம் இல்ல. எம்ஐடியோட மைட்ஸ்னு ஒரு சம்மர் ப்ரோக்ராம், அதுவும் ஃப்ரீதான், ஆனா சிட்டிசன் இல்ல கிரீன் கார்டு கேக்குறாங்க, ஹெச்4ல, அதான் அப்பா அம்மாவோட வேலை விசாவ ஒட்டி வர்ற விசால, இருக்கற புள்ளைக்கு கதவ சாத்திட்டாங்க. எரிச்சலாத்தான் இருக்கும், வேற என்ன பண்றது.

அந்த ஹெச்4 விஷயத்துலதான் உன் பயம் எனக்குப் புரியுது. மத்த புள்ளைங்க ஐஸ்க்ரீம் கடைலயோ ஸ்விம்மிங் பூல்லயோ வேலைக்குப் போகுது, சம்பளம் வாங்குது, இவளுக்கு அதுக்கு வழியில்ல, சம்பளம் குடுக்குற இன்டர்ன்ஷிப்புக்கும் வழியில்ல. ரெண்டரை மாசம் வீட்டுலயே போனும் கையுமா கெடப்பாளேன்னு நீ பயப்படுறது நியாயந்தான். ஆனா அந்த ரெண்டரை மாசத்துல இந்த ப்ரோக்ராம் ரெண்டே வாரம்டி, மிச்சத்துக்கு என்ன பண்ணுவ?

இன்னொண்ணு, நீங்க இருக்கறது டெக்ஸஸ். அங்க ஸ்கூல் ரேங்க்தான் ராஜா. யுடி ஆஸ்டின் ஆட்டோமேட்டிக் அட்மிஷன் முன்னாடி ஸ்கூல் ரேங்க்ல டாப் 6 பர்சென்ட் இருந்துச்சு, 2026 ஃபால்லேர்ந்து 5 ஆக்கிட்டாங்க. அதுக்குள்ள வந்துட்டா சம்மர்ல எங்க போனான்னு யாரும் கேக்கப் போறதில்ல. உள்ள எடம் உறுதி ஆனாலும் கேட்ட மேஜர், அதான் பாடப்பிரிவு, உறுதி இல்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ்னா தனியா அலசுவாங்க, அங்க ஆக்டிவிட்டியும் பாப்பாங்கதான். ஆனா அங்கயும் ரெண்டு வார லீடர்ஷிப்ப விட ஒரு வருஷம் விடாம செஞ்ச ஒரு சின்ன வேலதான் நிக்கும்.

யுனிவர்சிட்டியே நேரா நடத்துற காசு ப்ரோக்ராமும் இருக்கு, அத நான் தப்பு சொல்ல மாட்டேன், காலேஜ் க்ரெடிட்டோட நெஜ க்ளாஸ் எடுக்கறாங்க. ஆனா க்ரெடிட்னா க்ரேடும் வரும், சி வாங்கிட்டு வந்தா அது காலேஜ் ட்ரான்ஸ்க்ரிப்ட், அப்ளிகேஷன்ல மறைக்க முடியாது. அதே க்ரெடிட்டுதான் வேணும்னா ஃப்ரிஸ்கோல உங்க வீட்டுப் பக்கத்துலயே காலின் காலேஜ் இருக்கு, ஸ்கூல்ல கவுன்சிலர்கிட்ட டூயல் க்ரெடிட் பத்தி, அதான் ஸ்கூல் படிக்கும்போதே எடுக்கற காலேஜ் க்ளாஸ் பத்தி, கேளு, நீ சொன்ன தொகைல கொஞ்சம்தான் ஆகும், ராத்திரி வீட்டுச் சோறு. என் சின்னவ இங்க போன சம்மர் கம்யூனிட்டி காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தா, பக்கத்து சீட்ல ஒரு நர்ஸம்மா, ஒரு ட்ரக் ஓட்டுற அண்ணன், எல்லாரும் சேந்து வீட்டுப்பாடம் போட்டாங்களாம், அவ அதப் பத்தி பேசுன பேச்சு பெரியவன் ரெண்டு வாரத்துக்கும் சேத்து பேசல.

உன் லெட்டர்ல அவ என்ன சொல்றாங்கறதே இல்லடி. உன் வீட்டுக்காரரு வேணாம்ங்கறாரு, உன் காலனில நாலு வீட்டுப் புள்ளைங்க போகுது, உனக்கு மனசு கேக்கல, சரி, அவ? தீபாவளிக்கு வந்தப்போ அவ என் சின்னவகிட்ட ஒரு மணி நேரம் பகா எண் பத்தி பேசிட்டு இருந்தா, ஸ்டார்ட்டப் பத்தி ஒரு வார்த்த பேசல. அதனால ஒண்ணு பண்ணு. ராஸ் மேத் ப்ரோக்ராம்னு ஒண்ணு இருக்கு, 1957லேர்ந்து, ஆறு வாரம் முழுக்க நம்பர் தியரிதான், பாஸ்டன்ல ப்ராமிஸும் அதே ஜாதி. ரெண்டுமே உள்ள வர்றதுக்கு கணக்கு குடுத்து வீட்டுல வச்சு போட்டு அனுப்பச் சொல்லுவாங்க, அந்த கணக்க யார் வேணா எடுத்துப் பாக்கலாம், ஓசிதான். நீ ஒண்ணும் சொல்லாம ப்ரின்ட் எடுத்து சாப்பாட்டு மேசைல வச்சிடு. ஒரு வாரம் பென்சிலக் கடிச்சிட்டு அதுலயே கெடந்தான்னா அவள அதுக்கு அனுப்பு, அதுக்கும் ஆயிரக்கணக்குல ஆகும், இருந்தாலும் ஃபைனான்ஷியல் எய்ட் கேக்கலாம், கெடைக்கலன்னா கூட அந்த காசு எனக்கு உறுத்தாது. தொடவே இல்லன்னா உன் 6 ஆயிரமும் பத்திரம்.

அவளே வந்து இல்லம்மா எனக்கு அந்த ஏஐ ப்ரோக்ராம்தான் வேணும், ஜாலியா இருக்கும்னு சொன்னா? உங்க கைல காசு இருந்தா அனுப்பு, டூருக்கு அனுப்புற மாதிரி அனுப்பு, அதுல ஒரு தப்பும் இல்ல. கிரெடிட் கார்டுல தேய்ச்சோ உங்கம்மாவ வரவழைக்க வச்சிருந்த டிக்கெட் காசுல கைய வச்சோ மட்டும் அனுப்பாத, அந்த டிக்கெட் விஷயம் படிச்சதும்தான் எனக்கு கோவம் வந்து பனிலயும் உக்காந்து இத எழுதுறேன். 

டெபாசிட் கட்ட கடைசி நாள் 15ன்னு சொன்ன. அதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு போன் போடு, யார் நடத்துறது, பாடம் எடுக்குறவங்க பேரு என்ன, நடுவுல வந்துட்டா எவ்ளோ திரும்பும், இந்த மூணும் கேளு. என்ன சொன்னாங்கன்னு எனக்கு சனிக்கெழம சொல்லு, காலைல பதினோரு மணிக்கு மேல கூப்பிடு, அதுக்கு முன்னாடி சின்னவளுக்கு தமிழ் ஸ்கூல் இருக்கு, நான் கார்லதான் இருப்பேன். அப்பறம் அந்த பருப்புப்பொடி ரெசிபி அனுப்புறேன்னு தீபாவளிலேர்ந்து சொல்லிட்டு இருக்க, அதையும் அனுப்பித் தொல.

உன் பழைய ரூம்மேட்