எடைச் சீட்டு இல்லாமல் ஏன் ஸ்பிரிங் மாட்டுவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கேம்பர் (பிக்கப்பின் லோடு பாடியில் ஏற்றிவைக்கும் தங்கும் கூடு) ஏற்றுவதற்காக நடுத்தர பிக்கப்பைத் தயார் செய்யச் சொல்லி வருகிறவர்களை, "முதலில் எடை மேடையில் ஏற்றி ஒரு சீட்டு வாங்கி வாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிறோம். இதில் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம். "பின்பக்கம் தொங்குது, கனமா ஒரு செட் ஸ்பிரிங் பட்டை போட்டு விடுங்க" என்று வந்தவரிடம் சீட்டைக் கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். காரணத்தைக் கடை வாசலில் நின்றுகொண்டு அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், நிலையில் ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று சில வண்டிகளில் நேராகவே போட்டிருப்பார்கள். சிலவற்றில் மொத்த எடை மட்டும் இருக்கும். அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஹைலக்ஸ், டி-மேக்ஸ் வகையில் பல மாடல்கள் ஒரு டன்னை ஒட்டித் தாங்கும். டகோமா, கிளாடியேட்டர் போன்றவற்றில் பெரும்பாலும் 450 முதல் 700 கிலோவுக்குள்தான். விளம்பரத் தாளில் பார்த்த எண்ணை மறந்துவிடுங்கள். அது அந்த வரிசையிலேயே அதிகம் தாங்கும் மாடலுக்கு உரியதாக இருக்கும். நீங்கள் பிறகு மாட்டிய இரும்பு பம்பர், வின்ச் (வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி), பெரிய டயர் எல்லாமே அந்தக் கணக்கில்தான் கைவைக்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கர் 520 கிலோ என்கிறது. கேம்பர் 340 கிலோ என்று விற்றவர் சொன்னார். 180 மிச்சம், தாராளம் என்று தோன்றும். அதில் இரண்டு பேர் ஏறினால் 140 போய்விட்டது. 60 லிட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ. 100 ஆம்பியர்-அவர் லெட் பேட்டரி 28 கிலோ, நிரப்பிய சிறிய கேஸ் சிலிண்டர் 12. படுக்கை, பாத்திரம், சாப்பாட்டுச் சாமான், துணிமணி, கருவிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 70 என்று குறைத்தே வைப்போம். மொத்தம் 650, வரம்புக்கு மேல் 130 கிலோ. இதில் விற்றவர் சொன்ன 340 பெரும்பாலும் காலிக் கூட்டின் எடை. தூக்கி நிறுத்தும் ஜாக்குகளும் பக்கப் பந்தலும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

இந்த இடத்தில்தான் "அப்போ ஸ்பிரிங்கை மாத்திடுங்க" என்பார்கள். மாற்றலாம். வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆட்டமும் குறையும். ஆனால் அந்த 520 ஒரு கிலோகூட ஏறாது. ஆக்சில் (சக்கர அச்சு), பேரிங், பிரேக், சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்), வீல், டயர் எல்லாவற்றையும் பார்த்துத்தான் நிறுவனம் அந்த எண்ணைப் போட்டிருக்கிறது. நாங்கள் தொடுவது அதில் ஒன்றை மட்டும். உண்மையைச் சொன்னால், தொங்கும் பின்பக்கமாவது எடை கூடிவிட்டது என்று காட்டிக்கொடுக்கிறது. நிமிர்த்திவிட்டால் அதுவும் தெரியாமல் போகிறது.

ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாக ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில் மாட்டும் காற்றுப் பை) கேட்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பட்டை ஸ்பிரிங் தன் சுமையை சேஸில் முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் இறக்குகிறது. ஏர் பேக் அந்த இரண்டுக்கும் நடுவே, ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கிறது. அதற்குப் பின்னால் கனம் தொங்கி, வண்டி பள்ளத்தில் குதித்தால், முட்டின் மேல் வைத்து முறிக்கிற கம்பியைப் போல சேஸ் வளையப் பார்க்கும். அப்படி வளைந்த ஒரு வண்டி எங்களிடம் வந்தது. கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே அகன்று கீழே குறுகியிருந்தது. ஏர் பேக்கில் ஒரு குறையும் இல்லை. அளவான எடைக்கு, சின்னத் தொய்வைச் சரிக்கட்ட அது நல்ல சாமான். கூடுதல் எடைக்கு மருந்தல்ல.

மொத்த எடையைப் போலவே, அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். இரட்டை கேபின் வண்டியில் பாடி சுமார் 5 அடிதான். கேம்பரின் கனம் எளிதாகப் பின் ஆக்சிலைத் தாண்டிவிடும். வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு நடுவிலுள்ள தூரம்) 3 மீட்டர், கேம்பர் 400 கிலோ, அதன் எடைமையம் ஆக்சிலுக்கு 30 செ.மீ. பின்னால் என்றால், பின் ஆக்சிலில் 440 கிலோ இறங்கும். முன் ஆக்சிலிலிருந்து 40 கிலோ கழன்றுபோகும். ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான். அதே கேம்பரின் எடைமையம் 30 செ.மீ. முன்னால் இருந்தால் பின்னால் 360, முன்னால் 40 கூடுதல். ஆகவே தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் கேபின் சுவரை ஒட்டி வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை. நாங்கள் மாட்டுகிற எந்தச் சாமானையும்விட இது நன்றாக வேலை செய்யும்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள சுமைக் குறியீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 121 என்றால் 1450. அந்தத் தாங்குதிறன், அதற்கு உரிய காற்றழுத்தம் இருந்தால்தான். காலி வண்டிக்கு வைத்த காற்றோடு கேம்பரை ஏற்றி ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும்.

கேம்பரைக் கட்டும் கொக்கிகளை பாடித் தகட்டில் மாட்டித் தரச் சொன்னால் மறுத்துவிடுவோம், சேஸில்தான் மாட்டுவோம். அடியில் ரப்பர் விரிப்பு கட்டாயம். புறப்பட்டு ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி டர்ன்பக்கிளை (கேம்பரின் கட்டை இறுக்கும் திருகு) தொட்டுப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். எடை ஏறியபின் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். அதைச் சரிசெய்ய நாங்கள் தனியாகக் காசு வாங்குவதில்லை.

எடை மேடைக்குப் போகும்போது தண்ணீரும் டீசலும் நிரம்பியிருக்கட்டும். பயணத்தில் வருகிறவர்கள் எல்லாரும் உள்ளேயே உட்காரட்டும். முதலில் முன் சக்கரம் மட்டும், பிறகு முழு வண்டி, கடைசியாகப் பின் சக்கரம் மட்டும் என்று மூன்று சீட்டு வாங்குங்கள். கேம்பர் இன்னும் வாங்கவில்லை என்றால் இன்னும் நல்லது. வண்டியை மட்டும் எடை போட்டு, கதவு ஸ்டிக்கரை ஒரு படம் எடுத்து, இரண்டையும் கொண்டு வாருங்கள். எவ்வளவு கனத்தில் கேம்பர் தேடலாம் என்று உட்கார்ந்து பார்த்துவிடுவோம். அன்றைக்கு எங்களுக்கு வியாபாரம் ஆகாமல் போனாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து