வன அமைச்சருக்கு எதை வைத்து மதிப்பெண் போடுவது?

ஆசிரியருக்கு,

வனத்துறை அமைச்சர்களை எடைபோடும் கட்டுரைகளில் பெரும்பாலும் இரண்டு கணக்குதான் வருகிறது: புலி எத்தனை கூடியது, புதிதாக எத்தனை சரணாலயம் அறிவித்தார்கள். இரண்டை வைத்தும் அமைச்சர் வேலை பார்த்தாரா என்று சொல்லிவிட முடியாது.

2017 கணக்கெடுப்பில் நாட்டில் 29,964 யானைகள். 2025 அக்டோபரில் வெளியான அறிக்கையில் 22,446. ஏழாயிரம் யானை எங்கே போயிற்று என்று எதிர்க்கட்சி கேட்டால் மேடையில் கைதட்டு கிடைக்கும். ஆனால் பின்னது, சாணத்திலிருந்து மரபணு எடுத்துத் தனித்தனி யானையாக அடையாளம் கண்டு போட்ட கணக்கு. முறை மாறிய பிறகு இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைப்பதே தவறு. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் கால்தடத்தை வைத்துப் புலிகள் இருப்பதாகவே கணக்கு காட்டிக்கொண்டிருந்தார்கள்; 2005-ல் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. எண்ணைச் சொல்லும் அமைச்சரிடம் எப்படி எண்ணினீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

சரணாலய அறிவிப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் வரும் அரசாணை, சரணாலயம் ஆக்கும் உத்தேசம் இருக்கிறது என்று சொல்லும் அறிவிப்பு மட்டுமே. அதன்பின் ஆட்சியர் மக்களின் உரிமைகளை விசாரித்துத் தீர்க்க வேண்டும். கூடியவரை இரண்டு ஆண்டுக்குள் என்கிறது சட்டம். அது முடிந்து 26-ஏ பிரிவில் ஆணை வந்தால்தான் எல்லை உறுதியாகும். ஏற்கெனவே வனச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட காப்புக்காடாக இருந்தால் இந்தச் சுற்று இல்லை, நேரே 26-ஏ போடலாம். கடவூர் தேவாங்கு சரணாலயம், காவிரி தெற்கு, தந்தை பெரியார் சரணாலயம் என்று 2022 முதல் தமிழக அரசு அறிவித்தவை பாராட்டுக்குரியவைதான். ஆனால் அறிவிப்புக்குப் பிறகு மேலாண்மைத் திட்டம் எழுதப்பட்டதா, அதற்கென்று வனக்காவலர் பணியிடம் உருவானதா என்பது செய்தியாவதே இல்லை.

ஒன்றிய அமைச்சரின் உண்மையான வேலை வேறோர் இடத்தில் நடக்கிறது. தேசிய வன உயிரின வாரியத்துக்குப் பிரதமர் தலைவர். அதன் நிலைக்குழுவுக்குச் சுற்றுச்சூழல் அமைச்சர் தலைவர். சரணாலயத்துக்குள் சாலை, சுரங்கம், மின்தடம் எதுவானாலும் இந்தக் குழுவின் மேசைக்கு வந்தாக வேண்டும். 2014-ல் வாரியத்தைத் திருத்தி அமைத்தபோது, சட்டம் கேட்கும் ஐந்து தன்னார்வ அமைப்புகளும் பத்து வல்லுநர்களும் இல்லாமல் அரசு ஆளைக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டது. நிலைக்குழுவில் திட்டங்களுக்கு நிபந்தனையோடு ஒப்புதல் என்பது வழக்கமாகிவிட்டது. அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று பார்ப்பவர் யார்?

மாநில அமைச்சரின் கதை இன்னும் சிக்கல். யானையைக் கொல்லும் பல விஷயங்கள் அவர் துறையில் இல்லை. ரயில் வேகம் ரயில்வேயிடம், தாழ்ந்து தொங்கும் கம்பி மின்வாரியத்திடம், யானைத் தடத்தில் முளைக்கும் விடுதி வருவாய்த்துறை, உள்ளாட்சியிடம். மின்வேலியைப் பாருங்கள். முறையான வேலியில் பேட்டரியிலிருந்து எனர்ஜைசர் என்ற துடிப்புக் கருவி வழியாக ஏறத்தாழ நொடிக்கொரு துடிப்பு போகும். சுரீரென்று அடிக்கும், ஆளையோ யானையையோ கொல்லாது. கொடியோ புல்லோ கம்பியில் படர்ந்தால் மின்னழுத்தம் இறங்கிவிடும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் கம்பி வேலை செய்யாது. அப்போது யானை பயமில்லாமல் உள்ளே வரும்; அடுத்த வாரமே பம்புசெட் லைனிலிருந்து நேராகக் கொக்கி போட ஆள் தயார். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் மாண்டது அப்படி நேராக மின்சாரம் கொடுத்த வேலியில்தான். அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவுசெய்யத் தமிழக அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. வனத்துறையும் மின்வாரியமும் சேர்ந்து தோட்டம் தோட்டமாக நடந்து பார்க்காவிட்டால் அது காகிதம். அந்தக் கூட்டுத் தணிக்கையை நடத்த வைப்பதுதான் அமைச்சரின் திறமை. கோவை அருகே மதுக்கரையில் 2024-ல் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுக் கேமரா ஏற்பாடும் இந்த வகைதான்: தண்டவாளத்தருகே யானை வந்தால் எச்சரிக்கை போகும், ஆனால் ஓட்டுநர் வண்டியை நிறுத்த ரயில்வே ஒத்துழைக்க வேண்டும்.

பணம் எப்போது வந்தது என்பதும் முக்கியம், எவ்வளவு என்பது மட்டுமல்ல. காட்டுத்தீ பரவாமல் புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலை பிப்ரவரிக்குள் முடிய வேண்டும். நிதி மார்ச்சில் வந்தால் புல் ஏற்கெனவே காய்ந்திருக்கும், தீயும் பிடித்திருக்கும். மார்ச் 31-க்குள் செலவு காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் பில் மட்டும் தயாராகும். வேட்டைத் தடுப்புக் காவலர் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போனால் ரோந்து எப்படி நடக்கும்?

அரசியல் பெருமிதம் குறுக்கே வந்தால் நீதிமன்ற உத்தரவும் நகராது. குஜராத்தின் கிர் சிங்கங்களில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு ஆறு மாதத்தில் மாற்றச் சொல்லி 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குஜராத்திலிருந்து ஒரு சிங்கமும் வரவில்லை. 2022-ல் அதே குனோவில் நமீபியச் சிவிங்கிப்புலிகள் இறங்கின, கேமரா வெளிச்சத்தோடு.

இன்னொன்று. 2021 மே முதல் 2025 ஏப்ரல் வரை தமிழக வனத்துறை நான்கு அமைச்சர்களின் கைக்கு மாறியது. ஒரு புலிகள் காப்பகத்தின் திட்டம் பத்து ஆண்டுக்கு எழுதப்படுகிறது.

அடுத்த முறை அமைச்சரைப் பேட்டி காணும் நிருபர், துறை சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டுப் போகட்டும். காலிப் பணியிடம், நிதி விடுவித்த தேதி, 26-ஏ நிலுவை மூன்றையும் கேட்கட்டும். நிலைக்குழுவின் கூட்டக் குறிப்புகள் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் யாரும் எடுக்கும்படிதான் கிடக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்