இன்னும் அசைவு தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே

அன்பு மகளுக்கு,

வாந்தி நின்றுவிட்டது, வயிறாரச் சாப்பிடுகிறேன் என்று எழுதிவிட்டு, அதுவே பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். பயப்படாதே கண்ணு. கர்ப்பத்தில் சுரக்கும், மசக்கையோடு சேர்த்துச் சொல்லப்படும் எச்.சி.ஜி. ஹார்மோன் 10ஆவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கும். நான்காம் மாதத்தில் பெரும்பாலானவர்களுக்குக் குமட்டல் விட்டுப்போவதும் அதை ஒட்டித்தான். சிலருக்கு 20 வாரம் வரை இழுக்கும். இரண்டுமே இயல்புதான்.

உன் மனதை அரிப்பது அடுத்த விஷயம் என்று தெரிகிறது. உன் தோழிக்கு 16 வாரத்திலேயே அசைவு தெரிந்ததாம், உனக்கு 17 முடிந்தும் தெரியவில்லை. அவளுக்கு இது இரண்டாவது குழந்தை, உனக்கு முதல். ஒரு முறை சுமந்தவளுக்கு அந்த அசைவு அடையாளம் தெரியும். முதல் முறை சுமப்பவள் அதை வாயு என்று நினைத்து விட்டுவிடுவாள். தலைச்சன் பிள்ளையின் அசைவு பொதுவாக 18 முதல் 20 வாரத்துக்குள் தெரியவரும், இன்னும் சற்றுத் தள்ளியும் போகலாம். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் ஒட்டியிருந்தால், உதைப்பது அதன் மேல் பட்டு உனக்கு மெல்லத்தான் வந்து சேரும். குழந்தை உள்ளே எப்போதோ கைகால் ஆட்டத் தொடங்கிவிட்டது, அதன் பலம் உன் வயிற்றுச் சுவருக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வருவது உதை இல்லை. அடிவயிற்றுக்குள் சின்ன மீன் ஒன்று வாலைச் சுண்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒரு நாள் வரும், அடுத்த நாள் வராது. இந்தக் கட்டத்தில் எண்ணிக்கொண்டு உட்காராதே. நாள் செல்லச்செல்ல அசைவுக்கு ஓர் ஒழுங்கு படியும். எப்போது புரளும், எப்போது தூங்கும் என்பது உனக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு உன் குழந்தையின் வழக்கம்தான் உனக்கு அளவு, வேறு யாருடைய குழந்தையும் இல்லை. 24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றாலோ, தெரிந்துகொண்டிருந்த அசைவு குறைந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடு. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதே. வீட்டில் இதயத்துடிப்பு கேட்கும் கருவி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய், வேண்டாம் என்பேன். பழகாத காதுக்கு உன் ரத்த ஓட்டத்தின் சத்தமே குழந்தையின் துடிப்பாகக் கேட்டு, போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்துவிடுவாய்.

18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதே. மூளை, முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம், கைகால், நஞ்சுக்கொடி இருக்கும் இடம் எல்லாவற்றையும் அதில் பார்ப்பார்கள். குழந்தை திரும்பிப் படுத்திருந்தால் சற்று நடந்துவிட்டு வரச் சொல்வார்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அதைக் கேட்டு மனம் கலங்க வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று சொன்னாலும் அப்படித்தான். கருப்பை வளர வளர அநேகமாக அது மேலே விலகிப்போகும். எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனையும் இருக்கும்.

உடம்பில் வரும் மாற்றங்களைப் பற்றியும் சொல்கிறேன். இந்த மாதங்களில் உன் ரத்தத்தின் அளவு ஏறிக்கொண்டே போகும், கடைசியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அதில் நீர்ப்பகுதி வேகமாகவும் சிவப்பணுக்கள் மெதுவாகவும் கூடுவதால் ஹீமோகுளோபின் அளவு கொஞ்சம் இறங்கும். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே என்று மருத்துவர் வற்புறுத்துவது அதற்காகத்தான். மலம் கறுத்துப் போகும், அது மாத்திரையால் வருவது. கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்காதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. ரத்த அழுத்தமும் இப்போது சற்றுத் தாழ்ந்திருக்கும், அதனால் படுக்கையிலிருந்து சட்டென்று எழாதே. இருமும்போதோ திரும்பும்போதோ அடிவயிற்றின் பக்கவாட்டில் சுரீர் என்று இழுத்தால், கருப்பையைத் தாங்கும் நார் நீள்கிறது என்று எடுத்துக்கொள். ஓய்வெடுத்தால் விட்டுவிடும். ஈறில் ரத்தம் கசிவதும், மூக்கடைப்பும், நெஞ்செரிச்சலும், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் வந்துபோகும். தொப்புளுக்குக் கீழே கருப்பாக ஒரு கோடு விழும், பிரசவத்துக்குப் பிறகு மெல்ல மங்கும்.

ஆனால் இவற்றோடு சேர்த்துப் பொறுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. ரத்தப்போக்கு, தண்ணீர் போலக் கசிவு, விட்டுவிட்டு ஒரே சீராக வரும் வயிற்று வலி, காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், உள்ளங்கையிலும் பாதத்திலும் அடங்காத அரிப்பு. 20 வாரத்துக்குப் பிறகு தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது என்றால் ரத்த அழுத்தத்தை உடனே பார்க்க வேண்டும். நீ சின்ன வயதிலிருந்தே யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்று வலியை விழுங்கிக்கொள்கிற பிள்ளை. இந்த மாதங்களில் அந்தக் குணம் ஆகாது, மகளே. ஒன்றுமில்லை என்று பத்து முறை திருப்பி அனுப்பினாலும், பதினொன்றாவது முறையும் போய்க் கேள். நடு ராத்திரியானாலும் கேள்.

அழுகை வருவதாக ஒரு வரி எழுதிவிட்டு, அதை அடித்திருந்தாய். எனக்குப் படிக்க முடிந்தது. அது நாள் கணக்கில் நீடித்தாலோ, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றாலோ, அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்து மனச்சோர்வுக்கு உதவி இருக்கிறது. மாப்பிள்ளையிடமும் மறைக்காதே.

நடப்பதை நிறுத்த வேண்டாம். பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். 28 வாரத்திலிருந்து மல்லாந்து தூங்காமல் பக்கவாட்டில் படு, இடமோ வலமோ எதுவானாலும் சரி. தூக்கத்தில் புரண்டுவிட்டால் மறுபடி பக்கவாட்டில் திரும்பிக்கொள்.

ஸ்கேன் தேதி தெரிந்ததும் எனக்குச் சொல். மருத்துவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் இப்போதிருந்தே ஒரு தாளில் எழுதி வை, நஞ்சுக்கொடி முன்பக்கமா பின்பக்கமா என்பதை முதலில் எழுது.

அன்புடன்,
அம்மா