பள்ளிக்கு 1,000 அடிக்குள் வேர்ஹவுஸ் வேண்டாம்: எங்கள் நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் நீங்கள் கைதூக்கி அனுமதித்த வேர்ஹவுஸ் பற்றித்தான் இந்த மடல். எந்த வேர்ஹவுஸ் என்று விளக்கத் தேவையில்லை. தொடக்கப் பள்ளியின் பின்மதிலை ஒட்டி வரப்போகிறதே, அதுதான். இதன் ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. ஈஸ்ட்வேல், சினோ ஹில்ஸ், ராஞ்சோ குக்கமங்கா என்று இன்லண்ட் எம்பயர் (தெற்குக் கலிஃபோர்னியாவின் ரிவர்சைட், சான் பெர்னார்டினோ கவுன்ட்டிகள், அதாவது மாவட்டங்கள்) முழுக்கக் குடியிருக்கும் நம்மவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் வேர்ஹவுஸ் கட்ட விடாதீர்கள்.

இந்த 1,000 அடி நான் வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. தினம் 100 டிரக்குகளுக்கு மேல் வந்துபோகும் கிடங்கிலிருந்து 1,000 அடிக்குள் வீடோ பள்ளியோ கட்ட வேண்டாம் என்று கலிஃபோர்னியா காற்று வள வாரியம் 2005-லேயே கையேடு போட்டுச் சொல்லிவிட்டது. கிடங்குக்குப் பக்கத்தில் பள்ளி கட்டக் கூடாது, ஆனால் பள்ளிக்குப் பக்கத்தில் கிடங்கு கட்டலாம் என்றால், டீசல் புகைக்கு யார் முதலில் வந்தார்கள் என்று தெரியுமா?

எங்கள் பள்ளி வாசலில் தினமும் ஒரு கொடி ஏறும். பச்சை என்றால் காற்று நன்றாக இருக்கிறது. மஞ்சள், பரவாயில்லை. ஆரஞ்சு ஏறினால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் வெளியே ஓடியாடக் கூடாது. சிவப்பு என்றால் எல்லோரும் உள்ளேதான். இங்கே ஆகஸ்டில் பள்ளி திறக்கிறார்கள். தரையருகே தேங்கி மூச்சைக் கெடுக்கும் ஓசோன் தலைவிரித்தாடுவதும் அந்த மாதங்களில்தான். அதனால் பி.இ. (உடற்கல்வி) வகுப்பு என்று பெயர், பிள்ளைகள் ஹாலுக்குள் உட்கார்ந்து வீடியோ பார்க்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் காலையில் ஷூ மாட்டும்போதே, "அப்பா, இன்னிக்கு என்ன கலர் கொடி?" என்று கேட்கிறாள்.

வெளியே விடுகிற நாளிலும் நிலைமை இதுதான். ஹெல்த் ஆஃபீஸ் அலமாரியில் பிள்ளைகளின் பெயர் எழுதிய ஜிப் பைகள், ஒவ்வொன்றிலும் ஓர் இன்ஹேலர். விளையாடப் போகும் முன் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு பஃப் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதில் ஒரு பை என் மகளுடையது. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "இதென்னடா, ரேஷன் கடை வரிசை மாதிரி நிக்குதுங்க?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

இந்தக் காற்று எல்லாமே நம் ஊரில் பிறந்ததில்லை என்று எனக்கும் தெரியும். லாஸ் ஏஞ்சல்ஸ் புகையைக் கடற்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வருகிறது, சான் பெர்னார்டினோ மலைகள் அதைத் தாண்ட விடுவதில்லை. போதாக்குறைக்கு லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களில் இறங்கும் சரக்கும் 60, 10 ஃப்ரீவேக்களில் ஏறி நம்மிடம்தான் வருகிறது. இரண்டு கவுன்ட்டியிலும் சேர்த்துச் சுமார் 4,000 வேர்ஹவுஸ்கள், 100 கோடி சதுர அடி. ஓசோனில் நாட்டிலேயே மோசமான கவுன்ட்டி என்ற பட்டம் ஆண்டுக்கணக்காக சான் பெர்னார்டினோவுக்கே கிடைக்கிறது. காற்று கெட்ட ஊர்ப் பிள்ளைகளின் நுரையீரல் மெதுவாகத்தான் வளர்கிறது என்று 1993-ல் தொடங்கிய யு.எஸ்.சி. (தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) ஆய்வு காட்டியது. அந்த ஊர்களில் பக்கத்திலிருக்கும் மிரா லோமாவும் ஒன்று. ஏற்கெனவே இவ்வளவு இருக்கும்போது மதிலை ஒட்டி இன்னொன்று எதற்கு?

உங்கள் சுற்றுச்சூழல் அறிக்கையே காற்றுக்குக் கணிசமான, தவிர்க்க முடியாத பாதிப்பு வரும் என்று ஒப்புக்கொள்கிறது. அப்புறம், கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது என்று ஒரு தீர்மானம் போட்டுவிட்டீர்கள். அருமை. அந்த நன்மையில் இரண்டு பஃப் எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் நன்றாயிருக்கும்.

வேலை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் ஃபான்டானாவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அன்றைய கூட்டத்தில் எங்களோடு நின்று ஸ்பானிஷில் பேசியவரும் அவர்தான். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று அறிவித்துவிட்டு, கூட்டம் நிறைந்ததும் ஒரு நிமிடமாகக் குறைத்தீர்கள். மொழிபெயர்ப்பாளர் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஓட்டே இல்லை, க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். சொத்து வரி பில் மட்டும் எந்த வரிசையிலும் நிற்காமல் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறது. சரி, அது வாஷிங்டனில் கேட்க வேண்டிய கேள்வி, உங்களிடம் கேட்டுப் பயனில்லை.

சட்டப்படிதான் செய்தோம் என்பீர்கள். 2024-ல் கையெழுத்தான மாநிலச் சட்டம் பெரிய வேர்ஹவுஸின் லோடிங் வாசலைப் பள்ளி எல்லையிலிருந்து 300 அடி தள்ளச் சொல்கிறது, ஸோனிங் (எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற வகைப்பாடு) மாற்றிய நிலமாக இருந்தால் 500 அடி. இந்த விண்ணப்பம் அதற்கு முன்பே வந்துவிட்டது, ஆகவே கட்டுப்படுத்தாது என்று உங்கள் வழக்கறிஞர் சொன்னார். ஆனால் அந்தச் சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதைவிட அதிகம் கேட்க வேண்டாம் என்று உங்களை யார் தடுத்தார்கள்? சான் பெர்னார்டினோ கவுன்ட்டியில் இருக்கும் ப்ளூமிங்டனையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 2022-ல் கவுன்ட்டி அங்கே 200 ஏக்கருக்கு மேல் வேர்ஹவுஸ் வளாகத்துக்கு அனுமதி கொடுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை எடுக்கவும் ஒரு தொடக்கப் பள்ளியையே இடம் மாற்றவும் திட்டம். சுற்றுச்சூழல் அறிக்கை சரியில்லை என்று 2024-ல் நீதிமன்றம் தடுத்தபோது வீடுகள் பல தரைமட்டமாகியிருந்தன. அங்கே பள்ளியை நகர்த்தவாவது நினைத்தார்கள். நீங்கள் அதையும் செய்யவில்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸோனிங் மாற்றத்துக்கு இரண்டாம் வாசிப்பு, அதாவது இரண்டாவது வாக்கெடுப்பு, இன்னும் பாக்கி இருக்கிறது. அதில் நீங்கள் கையைத் தூக்காமல் இருந்தாலே போதும், இந்த வேர்ஹவுஸ் நின்றுவிடும். இனி வருகிறவற்றுக்கும் சேர்த்து, பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் வேர்ஹவுஸ் கூடாது என்று ஒரு நகர விதி கொண்டுவாருங்கள். இரண்டாம் வாசிப்பு நடக்கும் கூட்டத்தின் நிரலில் இதை முதல் பொருளாக வையுங்கள். நள்ளிரவு நெருங்கும்வரை பிள்ளைகளை மடியில் தூங்கவைத்துக்கொண்டு எங்களால் காத்திருக்க முடியாது. பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தாருங்கள், ஸ்பானிஷில் பேசுகிறவருக்கு ஆறு. முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை எழுத்தில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா