இரவுக் கடமையும் தனியார் கிளினிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உளமருத்துவம் பயிலும் வைத்தியர்கள் மாலையில் தனியார் கிளினிக் பார்ப்பதைக் குறைசொல்ல மனமில்லை, விலைவாசி அப்படி. ஆனால் அன்றிரவே ஒன்-கோல் (அழைத்தால் வரவேண்டிய கடமை) என்றால்தான் சிக்கல். நெடுந்தீவுப் படகு ஓடாமல், குளோசபின் என்ற மனநோய் மருந்து கையில் தீர்ந்து, அதைக் குடித்து 48 மணித்தியாலத்துக்கு மேலான ஒருவர் நள்ளிரவில் வருகிறார். அவருக்கு மீண்டும் 12.5 மில்லிகிராமில்தான் தொடங்கவேண்டும். தூக்கக் கலக்கத்தில் பழைய 300 மில்லிகிராமை அப்படியே எழுதிவிட்டால் இரத்த அழுத்தம் சட்டென இறங்கும், வலிப்பும் வரலாம். குடியை நிறுத்தியவருக்குத் தயமின் (விற்றமின் பி1) கொடாமல் குளுக்கோஸ் ஏற்றுவதும் இதே ரக ஆபத்தான தவறுதான்.

கிளினிக் நாளில் இரவுக் கடமை விழாதபடி ரோஸ்டர் போடலாமே. கடமை மாறும்போது, கடைசியாக மருந்து குடித்த நேரத்தையும் எழுதிக் கொடுக்கவேண்டும். “வழமையான மருந்து” என்ற குறிப்பு போதாது.

வாசகர்,
யாழ்ப்பாணம்.