தலைவரை உட்கார வைத்த கைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரிந்து கிடக்கும் ஒரு கட்சிக்குச் சர்ச்சைக்குரிய ஒருவர் தலைவராக வந்தால் அக்கட்சி நிமிருமா, இன்னும் சரியுமா என்று தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எழுதியவர்களில் ஒரு சாரார், யாரும் சீண்டாமல் கிடப்பதைவிடத் திட்டு வாங்கியாவது பேசப்படுவது மேல் என்கிறார்கள். மறு சாரார், வாயைக் கட்டத் தெரியாதவரிடம் கட்சியைக் கொடுப்பது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வதற்குச் சமம் என்கிறார்கள். இரு சாராரும் தலைவரின் வாயைத்தான் பார்க்கிறார்களே தவிர, அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்த கைகள் யாருடையவை என்று பார்க்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காங்கிரஸ் கட்சியின் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தவன் என்ற முறையில், அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

1989 சட்டப்பேரவைத் தேர்தலில் மூப்பனார் தலைமையில் தனித்து நின்ற காங்கிரஸ் 26 தொகுதிகளில் வென்று, ஏறத்தாழ 20 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. அன்று அதைத் தோல்வி என்றுதான் சொன்னோம். 1996-ல் அதிமுகவுடன் கூட்டணி என்று டெல்லி எடுத்த முடிவை ஏற்காமல் மூப்பனார் தமிழ் மாநில காங்கிரசை (தமாகா) தொடங்கியபோது, புதிய கட்சிக்குப் பேரவையில் 39 இடங்கள் கிடைத்தன. பழைய கட்சிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2002-ல் இரண்டும் இணைந்தன. ஆனாலும் 2014 மக்களவைத் தேர்தலில் 39 தொகுதிகளிலும் தனித்து நின்றபோது எங்களுக்குக் கிடைத்தது 4.3 விழுக்காடு, தொகுதி எதுவும் இல்லை.

அந்த 4.3 விழுக்காடு எப்படி இருக்கும் என்பதை நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். 2014 ஏப்ரல் 24 அன்று காலை, மாதிரி வாக்குப்பதிவுக்கு நேரமாகிவிடுமே என்று இருட்டிலேயே கிளம்பி, வாக்காளர் பட்டியல், அடிக்கோல், சிவப்புப் பேனா மூன்றையும் எடுத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனேன். மற்ற இரு பெரிய கட்சிகளுக்கும் மாற்று முகவர் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறினார்கள். வாசலில் பந்தலும் சீட்டு எழுதித் தரும் பையன்களும் இருந்தார்கள். எனக்கு மாற்று முகவரும் இல்லை, வாசலில் எங்கள் கொடியும் இல்லை. மதியம்வரை சிறுநீர் கழிக்கக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, திமுக முகவராக வந்திருந்த தம்பிதான், "பெரியவரே, போய்ட்டு வாங்க, உங்க லிஸ்ட்டையும் நானே டிக் பண்ணி வைக்கிறேன்" என்றார். மாலையில், பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும் 17-சி படிவத்தின் நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அதை ஒப்படைப்பதற்கு எங்கள் சர்க்கிளில், அதாவது கட்சியின் பகுதி அமைப்பில் இருந்து யாரும் வந்திருக்கவில்லை.

இந்த நிலையில்தான் அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் மாநிலத் தலைவர் ஞானதேசிகன் பதவி விலகினார், நவம்பரில் மூப்பனாரின் மகன் ஜி.கே. வாசன் மீண்டும் தமாகாவைத் தொடங்கப் போனார், ஈ.வெ.கி.ச. இளங்கோவன் மாநிலத் தலைவராக நியமிக்கப்பட்டார். பெரியாரின் அண்ணன் பேரன், ஈ.வெ.கி. சம்பத்தின் மகன், மத்திய இணை அமைச்சராக இருந்தவர் என்ற பெருமைகள் ஒருபுறம் இருக்க, மனதில் பட்டதை அப்படியே பேசிவிடுபவர் என்பதே அவருக்கு நாடறிந்த அடையாளம். 2015 ஆகஸ்டில் பிரதமர் மோடி போயஸ் தோட்டத்துக்குச் சென்று ஜெயலலிதாவைச் சந்தித்ததைப் பற்றி அவர் பேசிய பேச்சு பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது. உருவபொம்மைகள் எரிந்தன, வழக்குகள் பாய்ந்தன. அந்தப் பேச்சை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஒரு பெண்ணைப் பற்றிப் பொதுமேடையில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால், பல ஆண்டுகளாகக் காங்கிரஸ் என்ற சொல்லையே உச்சரிக்காத எங்கள் தெரு டீக்கடையில் அந்த வாரம் முழுவதும் காங்கிரசைப் பற்றித்தான் பேசினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்சியின் மாநிலத் தலைமையகமான சத்தியமூர்த்தி பவன் வாசலில் கூட்டம் கூடியது. எங்கள் பகுதியில் கட்சியை விட்டு ஒதுங்கியிருந்த நாலைந்து பேர் கதர்ச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மீண்டும் தலைகாட்டினார்கள்.

அவர்கள் ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் கேள்வி. வந்தவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்திருக்க வேண்டும். வேலை கொடுப்பதற்கு ஒரு கிளை இருந்திருக்க வேண்டும். மாநிலத் தலைவரை டெல்லி நியமிக்கிறது. மாவட்டத் தலைவர்களின் பட்டியலும் டெல்லியின் ஒப்புதலோடுதான் வருகிறது. அந்தப் பட்டியலில் இடம்பெறாத கோஷ்டிகள் அடுத்த ரயிலில் டெல்லிக்குப் போய்ப் புகார் கொடுக்கின்றன. எங்கள் கட்சியில் கோஷ்டிச் சண்டையில் வேட்டி கிழிவதைக் கேலி செய்யாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால், அந்த வேட்டி கிழிவதற்கும் தலைவரின் நாக்குக்கும் அதிகத் தொடர்பில்லை. தன்னை நியமித்த இடத்தில் தன் செல்வாக்கைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே ஒரு தலைவரின் பாதி நாள் போய்விடுகிறது. இளங்கோவனும் அதற்கு விலக்கல்ல. 2016-ல் திமுக கூட்டணியில் 41 இடங்களில் நின்று 8 இடங்களில் வென்றோம். எங்கள் ராயபுரமும் காங்கிரசுக்கே ஒதுக்கப்பட்டு, தோற்றது. அந்த ஆண்டு மே 16 அன்று வாக்குச்சாவடியில் எனக்கு மாற்று முகவர், பந்தல், இட்லிப் பொட்டலம் எல்லாம் இருந்தன. எல்லாமே திமுக தோழர்கள் தந்தவை.

ஜூனில் இளங்கோவன் விலகினார். செப்டம்பர்வரை அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. பிறகு வந்த திருநாவுக்கரசர் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தவர், தனிக்கட்சி நடத்தியவர், பாஜக சார்பில் வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்துவிட்டு 2009-ல் காங்கிரசுக்கு வந்தவர். "நேற்று வந்தவருக்கு நாங்கள் கொடி பிடிப்பதா" என்று முணுமுணுத்தவர்களின் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆயினும், வெளியிலிருந்து வந்தவர் என்பதையே ஒரு குற்றமாக நான் எண்ணவில்லை. நேற்று வந்தவரையும் கட்சிக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்திருந்தால், முணுமுணுத்தவர்கள் தோற்றவர்களாக இருந்திருப்பார்கள். தோற்றவர்கள் அடுத்த தேர்தலுக்குக் காத்திருப்பார்கள். நியமனத்தில் தோற்றவர் என்று யாரும் இல்லை, ஏமாந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

இதை நான் வெளியூர்ப் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்குக் காமராஜரும், ராஜாஜி அணியின் சி.பி. சுப்பையாவும் போட்டியிட்டபோது காமராஜர் மூன்றே வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அன்றைய நிலையில் அவரும் சர்ச்சைக்குரிய தேர்வுதான். அதிகம் படிக்காதவர், ஆங்கிலத்தில் மேடையேறாதவர், ஒரு கோஷ்டியின் ஆள் என்றெல்லாம் பேசினார்கள். ஆனால் அந்த மூன்று வாக்குகளும் கமிட்டியின் வாக்குகள். அவருடைய குருவான சத்தியமூர்த்தியே அவருக்குக் கீழே செயலாளராகப் பணியாற்றினார். 1954-ல் முதலமைச்சர் பதவிக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையே காமராஜர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். வாக்கெடுப்பில் வென்று வந்தவருக்குத்தான் அந்தத் தாராளம் கைகூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரிட்டனின் தொழிலாளர் கட்சியைப் பற்றித் தங்கள் வாசகர் ஒருவர் குறிப்பிட்டிருந்தார். உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த தலைவரும் தோற்றாரே என்று அதை எதிர்வாதமாக வைத்திருந்ததால் பதில் சொல்ல வேண்டியுள்ளது. 2015 தேர்தலில் 232 இடங்களோடு தோற்ற அக்கட்சியில், தீவிர இடதுசாரியான ஜெரமி கோர்பின் தலைவர் பதவிக்குப் போட்டியிடவே 35 எம்.பி.க்களின் முன்மொழிவு தேவைப்பட்டது. கெடு முடியும் தறுவாயில் 36 கிடைத்தது. ஆனால் உறுப்பினர்களும், 3 பவுண்டு கட்டிப் பதிவுசெய்துகொண்ட ஆதரவாளர்களும் வாக்களித்தபோது அவர் 59.5 விழுக்காடு பெற்று முதல் சுற்றிலேயே வென்றார். அடுத்த ஆண்டு ஜூனில் அவருடைய சொந்த எம்.பி.க்கள் 172 பேர் அவர்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். ஆதரவாக வாக்களித்தவர்கள் 40 பேர். உறுப்பினர்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 2017-ல் கட்சி 40 விழுக்காடு வாக்குகளோடு 262 இடங்களுக்கு ஏறியது. 2019-ல் 202-க்கு இறங்கியது, 1935-க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்சிட் விஷயத்தில் இரண்டு படகில் கால் வைத்ததும், யூத வெறுப்புப் புகார்களைக் கட்சி கையாண்ட விதமும் அந்தத் தோல்விக்குக் காரணங்களாகப் பேசப்பட்டன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அடிமட்டம் ஏற்றுக்கொண்ட தலைவரை நடுமட்டம் ஏற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் அது உதாரணம். நம் கட்சியிலோ அடிமட்டத்திடம் யாரும் கேட்பதே இல்லை.

எங்களுக்கு அடுத்த தொகுதியான ஆர்.கே. நகரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஜெயலலிதா மறைந்த அதே மாதத்தில் வானகரத்தில் கூடிய அதிமுக பொதுக்குழு சசிகலாவைப் பொதுச்செயலாளர் ஆக்கியது. அடுத்த செப்டம்பரில் கூடிய பொதுக்குழுவே அவரை நீக்கியது. இடையில் 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தல், பணப் பட்டுவாடா புகாரால் ரத்தானது. டிசம்பரில் நடந்தபோது சசிகலாவின் உறவினரான டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 89,013 வாக்குகள் பெற்று, 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரட்டை இலை தோற்றது, திமுக காப்புத்தொகையை இழந்தது. எண்ணிக்கை முடிந்த அன்று தண்டையார்பேட்டையில் வெடித்த வெடியைக் கேட்டவர்கள், இனி கட்சி அவர் பின்னால்தான் என்று சத்தியம் செய்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து நடந்த மக்களவைத் தேர்தலில் அவருடைய அமமுகவுக்கு ஒரு தொகுதியும் கிடைக்கவில்லை. கூட்டம் அவரோடு இருந்தது. சின்னமும் பொதுக்குழுவும் மாவட்டச் செயலாளர்களும் வேறு இடத்தில் இருந்தார்கள்.

காங்கிரஸ் 2019-ல் 9 மக்களவைத் தொகுதிகளில் 8, 2021-ல் 25 பேரவைத் தொகுதிகளில் 18, 2024-ல் ஒன்பதுக்கு ஒன்பது என்று வென்றிருக்கிறதே, பிறகு என்ன சரிவு என்று சிலர் கேட்கலாம். அந்த வெற்றிகளைக் கண்டு நானும் மகிழ்ந்தேன், லட்டும் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்த ஆண்டுகளில் தலைவராக இருந்தவர் சாந்தமானவரா சர்ச்சைக்குரியவரா என்பது எண்ணிக்கையில் எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. கூட்டணி கணக்கைத் தீர்மானித்தது. அதனால்தான் எங்கள் ஆட்களுக்குக் கிளையைக் கட்டும் அவசரமும் இல்லாமல் போயிற்று. 2022 அக்டோபரில் அகில இந்தியத் தலைவர் பதவிக்கு கார்கேவும் சசி தரூரும் போட்டியிட்டு, 7,897-க்கு 1,072 என்று முடிவு வந்தபோது, மாநிலத்திலும் இதுபோல நடக்கும் என்று ஒரு வாரம் நம்பினேன். இங்கே நடந்தது, தலைவரைத் தேர்வுசெய்யும் அதிகாரத்தை மேலிடத்துக்கு அளிக்கும் வழக்கமான ஒரு வரித் தீர்மானம்தான்.

ஆகவே, புதிதாக வரும் தலைவர் கடந்த காலத்தில் எந்தக் கட்சியில் இருந்தார், எந்த மேடையில் எதைச் சொன்னார் என்று தோண்டியெடுத்துப் பக்கத்தை நிரப்பும் செய்தியாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தலைவர் மாறிய மறுநாள் எங்கள் பக்கம் வாருங்கள். மார்க்கெட் அருகே மதில் சுவரில் வாழ்த்துச் சுவரொட்டிகள் நான்கு ஒட்டியிருக்கும். நான்கிலும் தலைவர் படம் ஒன்றே, கீழே இருக்கும் படங்கள் மட்டும் வேறு வேறு. ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருக்கமாட்டார். அதைப் பார்த்துவிட்டு எங்கள் வட்டத் தலைவரிடம், இந்தத் தேர்வில் உங்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று கேளுங்கள். வாடகை பாக்கியால் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டோம் என்பதால், மாலை 6 மணிக்கு மேல் எதிரே உள்ள டீக்கடையில்தான் அவர் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21