குழாயைச் சுற்றிப் பசை பூசினால் ஒழுகல் நிற்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் வென்ட் பைப்பின், அதாவது கழிவறைக் குழாய்களுக்குக் காற்று விடும் குழாயின் அடியில் மழைநீர் ஒழுகினால், குழாயைச் சுற்றிச் சிலிகான் பூசிவிட்டால் போதும் என்று தங்கள் நாளிதழின் வீட்டுப் பராமரிப்புக் குறிப்பு ஒன்றில் ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தது. அதே யோசனையை நம்பி மூன்று மழைக்காலத்துக்கு மூன்று குழல் பசையைத் தீர்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டு மழை ஓய்ந்த பிறகு, பொறுமையிழந்து, கூரை வேலை தெரிந்தவர் ஒருவருடன் நானும் மேலே ஏறிப் பார்த்தேன். பூசியிருந்த பசை விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தை நுழைத்து இழுத்ததும் முழு வளையமாகவே கையோடு வந்துவிட்டது. ஆறிய பழைய சிலிகான் மேல் புதிய பசை எதுவும் சரியாகப் பிடிக்காது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வளையத்துக்கு அடியில், குழாயைக் கவ்வியிருக்க வேண்டிய ரப்பர்க் கூம்பு வெயிலில் விறைத்து, விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. அதன் அடிவிளிம்பின் மேற்பக்கத்தில் சருகும் மண்ணும் அடைந்து ஒரு சிறு அணையே உருவாகியிருந்தது. ஸ்க்ரூக்களில் இரண்டின் வாஷர்கள் நொறுங்கிப்போய், ஓட்டையைச் சுற்றித் துருவின் வளையம் மட்டும் மிஞ்சியிருந்தது. நான் பூசிக்கொண்டிருந்த இடம் ஒன்று. நீர் நுழைந்த இடங்கள் மூன்று.

பசை ஏன் நிற்பதில்லை என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 6 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தகடு, விடியற்காலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே 50 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டைச் சந்தித்தால், ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அலுமினியத் தகடாக இருந்தால் அது இரு மடங்காகும். வீட்டுக்குள்ளிருந்து வரும் குழாயோ சுவரோடும் கைமரத்தோடும் கட்டுண்டது. தகட்டோடு அது நகராது. நாள்தோறும் ஒன்றையொன்று உரசி விலகும் இரு பொருள்களை ஒரு கோடு பசையால் ஒட்டிவைக்க முயன்றால், பசை கிழியும் அல்லது உரியும். இந்த அசைவைத் தாங்குவதற்காகவே மடிப்பு மடிப்பான ரப்பர்க் கூம்பு, அதாவது பூட் என்று கடைகளில் கேட்டு வாங்கும் பொருள், உருவாக்கப்பட்டது.

செங்குத்தான கூரையில் நீர் தேங்காது என்பது உண்மைதான்; ஆனால் அது வேகமாக இறங்கும். அந்த வேகத்தோடு பூட்டின் மேல்விளிம்பில் மோதும் நீர், பக்கவாட்டில் வழிய இடமில்லாவிட்டால், விளிம்புக்கு அடியில் புகப் பார்க்கும். ஆகவே சதுர அடித்தளம் கொண்ட பூட்டை அதன் ஒரு மூலை முகட்டை நோக்கியிருக்குமாறு, வைரவடிவில் திருப்பி வைப்பது நல்லது. படகின் முனைபோல் அந்த மூலை நீரை இரண்டாகப் பிரித்து அனுப்பிவிடும்; சருகும் அங்கே அடையாது. சரிவு கூடக் கூட, இந்தச் சிறிய விஷயத்தின் பலனும் கூடுகிறது.

பழுது பார்க்கும் முன், ஒழுகுவது அங்கேதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். உள்ளே இறங்கும் நீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடி, வேறோர் இடத்தில்தான் சொட்டும். உட்கூரையில் கறை தெரியும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டையைத் தேடுவது பெரும்பாலும் வீண். மழையே இல்லாத காலையிலும் ஈரம் தெரிந்தால், அது வீட்டின் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டின் அடியில் வியர்த்ததாக இருக்கலாம். அதற்கு மருந்து காற்றோட்டம்தான். ஐயத்தைத் தீர்க்க, ஒருவர் உள்ளே விளக்கோடு நிற்க, மற்றவர் ஹோஸ் பைப்பால் குழாய்க்குக் கீழே தொடங்கி, பக்கங்கள், மேல்விளிம்பு, கூம்பின் கழுத்து என ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது நீர்விட்டு மேலேறிச் செல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் உச்சியில் நீர்விட்டால் எல்லா இடமும் நனையும். எது குற்றவாளி என்று தெரியாது.

இனிப் பழுதைப் பற்றி. பழைய பூட்டையும் பசையையும் முழுவதுமாக அகற்றி, தகட்டை உலோகம் தெரியத் துடைத்துக் காயவிட வேண்டும். என் அனுபவத்தில் பாதி வேலை இதுதான், பலரும் தவிர்ப்பதும் இதையேதான். சாதாரணக் கழிவறைக் குழாய்க்கு இபிடிஎம் என்னும், வெயிலைத் தாங்கும் செயற்கை ரப்பரால் ஆன பூட் போதும். புகைக்குழாய் போன்று சூடேறுவதற்கு, சுமார் 200 டிகிரி வரை தாங்கும் சிலிகான் பூட் வேண்டும். கூம்பின் துளையைக் குழாயின் விட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு சிறிதாக வெட்டி, சோப்பு நீர் தடவி, மேலிருந்து இறுக்கமாக இறக்க வேண்டும். குழாயின் தலைப்பில் வேறு ஏதேனும் பொருத்தப்பட்டு அது வழிவிடாவிட்டால், பக்கவாட்டில் பிளந்து சுற்றிக் கவ்வும் பூட்டும் கிடைக்கிறது. அடிவிளிம்பிலுள்ள அலுமினியப் பட்டையைத் தகட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்பக் கையால் அமுக்கி வளைத்து, அடியில் பியூட்டைல் டேப் என்னும் ஒட்டும் ரப்பர் நாடாவோ உரிய பசையோ வைத்து, நெருக்கமாக ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்க்ரூ தகட்டை மட்டுமே பிடிக்க வேண்டும். அடியிலுள்ள மரச்சட்டத்துக்குள் இறங்கினால் தகட்டின் அசைவு அங்கே தடைபட்டு, ஓட்டை நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்குவதும் தவறு. வேலை முடிந்ததும் துளையிட்ட இரும்புத் துகள்களைப் பெருக்கிவிட வேண்டும். இல்லையெனில் முதல் மழையிலேயே கூரை முழுவதும் துருப்புள்ளிகள் தெரியும். துத்தநாக–அலுமினியப் பூச்சுள்ள தகட்டில் பென்சிலால் குறியிடுவதும் கூடாது, கிராஃபைட் பட்ட கோட்டில் பூச்சு அரித்துவிடும் என்று அந்த வேலைக்காரர் சொன்னபோது நான் சிரித்தேன். பின்னர் தகடு உற்பத்தியாளர்களின் கையேட்டிலேயே அதைக் கண்டேன். ஈயத் தகட்டை இத்தகைய கூரையில் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் அதே பகைதான்: ஒவ்வாத இரு பொருள்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் பூச்சு அரிக்கப்படும்.

பசையிலும் வேறுபாடு உண்டு. பூசும்போது காடிபோல் புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான், இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அது துத்தநாகப் பூச்சைத் தின்னும். வாடையற்ற நடுநிலைச் சிலிகான்தான் தகரத்துக்கு உரியது. தாரைக் குழைத்துப் பூசும் வழக்கமோ இன்னும் மோசம். அது வெயிலில் காய்ந்து வெடித்துவிடும், அடுத்து வருபவர் சுரண்டியெடுக்கவும் முடியாது.

குழாய் தகட்டின் பள்ளத்தில் வராமல் மேட்டின்மேல் வந்திருந்தால், பூட் நெடுநாள் நிற்பது கடினம். அங்கே முகட்டுத் தகட்டின் அடியிலிருந்து குழாயைத் தாண்டும் வரை ஒரு தட்டைத் தகட்டை இறக்கி, அதன்மேல் பூட்டைப் பொருத்தலாம். அல்லது கூரைக்கு அடியிலேயே இரண்டு வளைவுகளைக் கொடுத்துக் குழாயைப் பள்ளத்துக்கு நகர்த்தலாம். செலவு கூடும், ஆனால் வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒழுகலுக்கு அஞ்சிக் குழாயின் வாயையே மூடிபோட்டு அடைத்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அந்தக் குழாய் வழியாகக் காற்று உள்ளே வராவிட்டால், நீர் இறங்கும்போது, வாயு மேலே வராமல் தடுக்க டிராப் என்னும் குழாய் வளைவில் நிற்கும் நீரையும் உறிஞ்சிச் சென்றுவிடும். பிறகு சாக்கடை வாயு வீட்டுக்குள் உலவும். திறந்த வாயில் விழும் மழைநீர் கழிவுநீரோடு போய்விடும், அதனால் கேடில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, யாரும் உடனே ஏணியைத் தேட வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும். ஈரத் தகரச் சரிவில் கால் நிற்காது. பனித்துளி காயாத காலையிலும் அப்படித்தான். முகட்டில் கொக்கி மாட்டும் கூரை ஏணியும், உறுதியான பிடிமானத்தில் கட்டிய பாதுகாப்புப் பட்டையும் இல்லாமல் ஏறக்கூடாது. நான் ஏறியது ஒரே முறை, பட்டையோடு. அப்போதும் கை நடுங்கியது. பூட் மாற்றியதை முழுவதும் அந்த வேலைக்காரரே செய்தார், நான் பொருள்களை எடுத்துக் கொடுத்தேன்.

தங்கள் குறிப்பை மீண்டும் வெளியிடும் வாய்ப்பு இருந்தால், சிலிகான் என்ற சொல்லுக்கு முன் நடுநிலை என்ற சொல்லையும், பூசும் முன் பூட்டைச் சோதிக்கவும் என்ற ஒரு வரியையுமாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்